ஐந்துக்கும் ஐந்தரைக்கும் நடுவே

புளியில் கொட்டை எடுத்துக்கொண்டே குருவிடம் கேட்டேன்.

"குரு, என் குரல் எப்ப பழையபடி வரும்?"

குரு மூலையில் இருந்த இன்னொரு புளிக் கூடையை இழுத்து என் முன்னால் வைத்தார்.

"கேள்வி கேட்டா வேலை கூடுதே" என்றேன்.

"கூடும்" என்றார் குரு.

*

குரு என்றதும் தாடி, ருத்திராட்சம் என்று நினைத்துவிடாதீர்கள். எங்கள் குரு ஒரு பெண். பெயர் பிரமு. என்னைவிட வயதில் சின்னவர். மலையடிவாரத்துக் கஞ்சி மடத்தைப் பார்த்துக்கொள்கிறார். மலைக்கு நடந்து போகிறவர்களுக்கு மத்தியானம் கஞ்சி ஊற்றுவார். சாயங்காலம் பாட்டு சொல்லிக்கொடுப்பார்.

என்னை அவர் 'எக்கா' என்பார். நான் அவரை 'குரு' என்பேன்.

ஆரம்பத்தில் ஊரில் கேலிக்குத்தான் அப்படிக் கூப்பிட்டார்கள். பிறகு கேலி செய்தவர்களே தங்கள் பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்டார்கள். கேலி போய்விட்டது, பெயர் நின்றுவிட்டது.

ஒன்று கேட்டால் வாயால் பதில் வராது. எதையாவது செய்வார். புரிந்தால் உண்டு.

புரியாவிட்டால் புளி.

*

நான் ஒரு பாட்டுக் குழுவில் பாடுகிறேன். கோயில் கொடை, கல்யாணம், காதுகுத்து எல்லாவற்றுக்கும் போவோம்.

குழு எங்கள் மாஸ்டருடையது. பெயர் ஆவுடையப்பன். ஆர்மோனியம் அவர்தான். அவரைப் பொறுத்தவரை உலகத்தில் ஒரே ஒரு பாடகிதான். மரகதவல்லி அம்மா. அந்த அம்மா இறந்து ரொம்ப வருஷம் ஆகிறது. அவர் பாட்டுகளைத்தான் நான் பாடுவேன். நோட்டீஸில் என் பெயர் இருக்காது. 'மரகதவல்லி குரல்' என்று போட்டிருக்கும்.

எனக்கும் அது சௌகரியமாகத்தான் இருந்தது. நாலு பேர் முன்னால் என் பெயரைச் சொன்னாலே எங்காவது ஓடி ஒளிந்துகொள்ளலாம் போல் இருக்கும். மேடையில் கண்ணை மூடி அந்த அம்மாவின் முகத்தை நினைத்துக்கொள்வேன். பாடுவது அவர் என்று ஆகிவிட்டால் எனக்குக் கூச்சம் இருக்காது.

மாஸ்டருக்கு ஓர் ஆசை. மரகதவல்லி அம்மாவின் பாட்டுகளை மறுபடி பாடி ஓர் ஆல்பம் போட வேண்டும். அதுவும் அந்தக் காலத்தில் பதிந்தது போலவே. பழைய மெஷின். பழைய மைக். எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து ஒரே மூச்சில். கம்ப்யூட்டர் கூடாது. வெட்டி ஒட்டுவது கூடவே கூடாது.

"கண்ண மூடிக் கேட்டா, செத்துப்போன அந்தம்மா எந்திரிச்சு வந்து பாடுதாவளோன்னு இருக்கணும்" என்பார்.

மடத்தில் பழைய ஸ்பூல் மெஷின் ஒன்று இருந்தது. பிரசங்கம் பதிவதற்காக யாரோ ஒரு பக்தர் கொடுத்துவிட்டுப் போனது. இரண்டு பெரிய சக்கரம் சுற்றும். உள்ளே பல்பு பல்பாக எரியும். சூடேற அரைமணி நேரம் ஆகும். அதோடு கம்பிக் கூண்டு போட்ட ஒரு மைக். தூக்கினால் அம்மிக் குழவி கனம்.

அதனால் எல்லாரும் மடத்துக்கு வந்து சேர்ந்தோம். உள்ளறையில் சுவரெல்லாம் சாக்கும் மெத்தையும் கட்டினோம். மாஸ்டர், வயலின்காரர், தபேலாக்காரர், நான். வெளியே வேப்பமரத்தில் தூளி கட்டி, என் பெண் பிள்ளையை வைத்துக்கொண்டு மதினி. மதினி என்றால் என் வீட்டுக்காரரின் அக்கா. அவர் வந்ததே பெரிய உபகாரம். அதை மணிக்கு ஒரு தடவை அவரே சொல்லிவிடுவார்.

*

முதல் நாளே மெஷின் உறுமியது.

பேசினாலும் உறுமல், பேசாவிட்டாலும் உறுமல். பதிந்ததைப் போட்டுக் கேட்டால் பாட்டுக்குப் பின்னால் ஒரு பெரிய வண்டு உட்கார்ந்திருந்தது.

"என்ன சத்தம் அது?" என்றார் மாஸ்டர்.

"மெஷின்" என்றார் குரு.

"அது எனக்குத் தெரியாதா? ஏன் சத்தம் போடுது?"

"நீங்க போடலியா?"

மாஸ்டர் முறைத்தார். குரு கஞ்சிப் பானையைப் பார்க்கப் போய்விட்டார்.

அதிலிருந்து மாஸ்டருக்கு அந்த உறுமலைக் கொல்வதே வேலை. மின்விசிறியை நிறுத்தினார். ட்யூப்லைட்டை நிறுத்தினார். பிளக்கைத் திருப்பிச் சொருகினார். எர்த் வயரைக் கொல்லைப்புறம் இழுத்துக்கொண்டு போய்க் குழி தோண்டி, உப்பும் கரியும் போட்டுத் தண்ணீர் ஊற்றினார். எங்கள் போனையெல்லாம் வாங்கி வேப்பமரத்தடியில் வைத்தார்.

உறுமல் கொஞ்சம்கூட அசையவில்லை.

கடைசியில் மதினி மேல் சந்தேகம் வந்தது. வாசலுக்குப் போய்க் கேட்டார்.

"ஏம்மா, நீங்க எதாவது முனங்குதீங்களா?"

"ஆமா. இவ பிள்ளைய ஆட்டிக்கிட்டு முனங்கத்தான் நான் வீட்டு வேலையெல்லாம் போட்டுட்டு வந்திருக்கேன்" என்றார் மதினி.

மாஸ்டர் உள்ளே வந்து குருவிடம் கும்பிடாத குறையாகக் கேட்டார்.

"குருவே, இந்த உறுமல் நிக்கணும். அதுக்கு ஒரு வழி சொல்லுங்க."

"பழசு வேணும்னு நீங்கதான கேட்டீங்க?"

"பழசு வேணும். உறுமல் வேண்டாம்."

குரு ஒரு டம்ளரில் கஞ்சி கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தார்.

"இது எதுக்கு?"

"நீங்க பேசாம இருக்க."

*

உறுமல் ஒரு பக்கம். நான் ஒரு பக்கம்.

எங்கள் குழுவில் சுருதியைக் கட்டை என்று சொல்வோம். எண் ஏற ஏறக் குரலும் மேலே ஏற வேண்டும். மரகதவல்லி அம்மா பாடியது ஆறரைக் கட்டை. பிள்ளை பெறுவதற்கு முன்பு நானும் ஆறரையில் பாடினேன். இப்போது குரல் இறங்கிவிட்டது. ஏற்றினால் கிழிகிறது.

நாங்கள் எடுத்தது ஓடக்காரப் பாட்டு. பல்லவியில் எப்படியோ தப்பித்துவிடுவேன். சரணத்தில் 'அக்கரை விளக்கே' என்று ஓர் இடம் ஏறும். அங்கே போனதும் சத்தம் உடைந்துவிடும்.

உடைந்தால் அந்த இடத்தை மட்டும் மறுபடி பாட முடியாது. அந்த மெஷினில் அதெல்லாம் கிடையாது. சக்கரத்தைத் திருப்பி ஓட்டி, எல்லாரும் முதலிலிருந்து வாசிக்க வேண்டும்.

"மறுபடி" என்பார் மாஸ்டர்.

உடையும்.

"மறுபடி."

உடையும்.

தபேலாக்காரர் விரல்களை ஊதிக்கொள்வார். வயலின்காரர் வில்லைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்:

"மாஸ்டர், இந்தப் பாட்டு எனக்குக் கனவுல வருது. கனவுலயும் அதே இடத்துல நின்னு போயிருது."

எனக்குத் தரையைப் பிளந்துகொண்டு உள்ளே போய்விடலாமா என்று இருந்தது.

"ஏம்மா" என்றார் மாஸ்டர். "பிள்ள பெத்தா இடுப்பு வலிக்கும்பாவ. தொண்டையுமா போகும்?"

எனக்கு என்ன தெரியும், தொண்டை எப்படிப் போகும் என்று?

"பால் குடிக்கியா? மிளகு போட்டுக் குடி."

குடித்தேன்.

"மறுபடி."

உடைந்தது.

மாஸ்டர் ஆர்மோனியத்தை மூடினார். பிறகு கோபம் இல்லாமல்தான் சொன்னார். அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

"செங்கோட்டையில ஒரு பிள்ள இருக்கு. ஆறரையில சும்மா சிரிச்சுக்கிட்டே பாடுதாம். நாளைக்குக் காலையில வரச் சொல்லப்போறேன். ஆல்பம் மட்டுமில்ல, கொடைக்கும் அதுதான் வரும். உன்மேல எனக்கு ஒண்ணுமில்லம்மா. இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள ஒரே ஒரு பாட்டு ஒழுங்கா வந்துட்டா, அந்தப் பிள்ளைய வர வேண்டாம்னுருதேன். வராட்டி நீயே சொல்லு, நான் என்ன செய்ய?"

எல்லாரும் கஞ்சி குடிக்க எழுந்து போனார்கள்.

எனக்குத் தெரிந்தது பாட்டு ஒன்றுதான். படிப்பு அஞ்சாவதோடு நின்றுபோனது. வேறு எதிலும் யாரும் என்னை 'நீ இல்லாவிட்டால் நடக்காது' என்று சொன்னது கிடையாது. குழுவில்தான், நான் வரவில்லை என்றால் மாஸ்டர் வீட்டு வாசலில் வந்து நிற்பார்.

நாளையிலிருந்து செங்கோட்டையில் போய் நிற்பார்.

பிள்ளைக்குப் பால் கொடுத்துத் தூளியில் போட்டுவிட்டு உள்ளே போனேன். குரு புளியோடு உட்கார்ந்திருந்தார். நானும் உட்கார்ந்தேன்.

*

இரண்டாவது கூடையைப் பார்த்ததும் எனக்கு எரிச்சல் வந்துவிட்டது.

"குரு, நாளைக்கு எனக்குப் பதிலா ஒரு பிள்ள வருது."

"தெரியும்."

"எனக்கு ஒரு வழி சொல்லக் கூடாதா?"

"கொட்டையெடுங்க எக்கா."

"கொட்டை எடுத்தா ஆறரை வந்துருமா?"

"கொட்டை வரும்."

நான் வாயே திறக்காதவள் என்றுதான் எங்கள் தெருவில் பேர். அன்றைக்கு எனக்கு என்ன வந்தது என்று தெரியவில்லை. ஆளில்லாத இடம், கையில் வேலை. புலம்பித் தீர்த்துவிட்டேன். மெஷினைத் திட்டினேன். மைக்கைத் திட்டினேன். மாஸ்டரைத் திட்டினேன். மதினி சொல்லிக்காட்டுவதைச் சொன்னேன். மிளகுப் பால் நெஞ்சைக் கரிப்பதைச் சொன்னேன். மரகதவல்லி அம்மாவையும் விடவில்லை.

"அந்தம்மாவும் பிள்ள பெத்தவதான? அவளுக்கு மட்டும் ஆறரை எப்பிடி நின்னுது?"

குரு ஒரு கொட்டையை எடுத்துக் கிண்ணத்தில் போட்டார்.

பேசப் பேசப் பேச்சு தீர்ந்துபோயிற்று. புளிதான் தீரவில்லை.

பிறகு இரண்டு பேரும் கொட்டை எடுப்பதிலேயே இருந்தோம். வெளியே கஞ்சி குடிக்கிறவர்களின் சத்தம். மூலையில் மெஷினின் உறுமல். அணைத்தால் மறுபடி சூடேற நேரமாகும் என்று மாஸ்டர் அப்படியே விட்டுவிட்டுப் போயிருந்தார்.

திடீரென்று குரு எழுந்தார். புளிக் கையோடு மெஷினுக்குப் போய் ஸ்விட்சை அணைத்தார்.

உறுமல் நின்றது.

"ஏன் நிறுத்திட்டீங்க எக்கா?" என்றார் குரு.

"நானா? நீங்கல்லா நிறுத்துனீங்க."

"நான் மெஷினத்தான் நிறுத்துனேன். உங்கள நிறுத்தலியே?"

அப்போதுதான் தெரிந்தது, நான் ஓடக்காரப் பாட்டை வாய்க்குள்ளேயே பாடிக்கொண்டு இருந்திருக்கிறேன். எப்போது ஆரம்பித்தேன் என்று தெரியாது. நின்றுபோனது மட்டும் தெரிந்தது.

"எந்த இடத்துல நிறுத்துனீங்க?"

யோசித்துப் பார்த்தேன். வாய் தானாகத் திறந்துகொண்டது.

"விளக்கே."

"உடைஞ்சுதா?"

இல்லை என்று தலையாட்டினேன்.

"சரி, மிச்சத்தையும் பாடுங்க."

முயன்று பார்த்தேன். குரல் எங்கே நிற்பது என்று தெரியாமல் அலைந்தது. சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருக்கும்போது யாரோ சுவரை எடுத்துக்கொண்டு போய்விட்ட மாதிரி இருந்தது. அதை அப்படியே குருவிடம் சொன்னேன்.

குரு ஸ்விட்சைப் போட்டார். மெஷினுக்குள் ஒவ்வொரு பல்பாக எரிந்தது. சூடு இன்னும் ஆறாததால் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை, கொஞ்சம் கொஞ்சமாக உறுமல் எழுந்து வந்தது. எனக்கு யாரும் எடுத்துக்கொடுக்கவில்லை. தொண்டை தானாகப் போய் அதில் உட்கார்ந்துகொண்டது.

புளிக் கையோடு எழுந்து நின்றுவிட்டேன்.

"கையக் கழுவிட்டு வாங்க எக்கா" என்றார் குரு.

"குரு, மாஸ்டருக்கு இது தெரிஞ்சா கொன்னே போடுவாரு."

"போடட்டும். புளி நான் பாத்துக்கிடுதேன்."

*

மாஸ்டர் வேட்டியில் வாயைத் துடைத்துக்கொண்டே உள்ளே வந்தார்.

"என்ன, ஆரம்பிப்போமா? இன்னும் எவ்வளவு நேரம்னு எனக்கே தெரியல."

குரு வயலின்காரரிடம் சொன்னார்:

"அண்ணாச்சி, மெஷினுக்குச் சுருதி சேருங்க."

"எதுக்கு?"

"மெஷின் உறுமுதுல்லா? அதுக்கு."

வயலின்காரர் மாஸ்டரைப் பார்த்தார். மாஸ்டர் குருவைப் பார்த்தார்.

"என்ன வெளையாட்டா?"

"உறுமல் எந்தக் கட்டைன்னு பாத்துச் சொல்லுங்களேன்" என்றார் குரு.

மாஸ்டருக்குக் கோபம் இருந்தாலும், ஒரு சுருதியைக் கேட்டால் கண்டுபிடிக்காமல் இருக்க முடியாது. ஆர்மோனியத்தைத் திறந்து ஐந்தை அழுத்தினார்.

"இது கொஞ்சம் கீழ நிக்கு."

ஐந்தரையை அழுத்தினார்.

"இது மேல போகுது."

மறுபடி ஐந்து. மறுபடி ஐந்தரை. காதை மெஷினிடம் கொண்டுபோய் வைத்தார்.

"ரெண்டுக்கும் நடுவுல கெடக்கு."

"அதுல சேருங்க."

"நடுவுல ஏதும்மா கட்டை? இது ஒரு சுருதியே இல்ல!"

"உங்க பெட்டியில இல்ல" என்றார் குரு.

வயலின்காரர் அதற்குள் கம்பியை முறுக்கும் பிருடையைத் திருக ஆரம்பித்துவிட்டார். அவருக்கு நடுவும் ஒன்றுதான், ஓரமும் ஒன்றுதான். தபேலாக்காரர் சுத்தியலை எடுத்துத் தட்டித் தட்டி இறக்கினார்.

ஆர்மோனியம் மட்டும் இறங்காது. அதன் கட்டைகள் இருக்கிற இடத்தில்தான் இருக்கும். மாஸ்டருக்கு அது புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று.

"அப்ப நான்?"

குரு புளிக் கூடையைத் தூக்கிக்கொண்டு வந்து மாஸ்டர் முன்னால் வைத்தார்.

"நான் கொட்டையெடுக்கவா?"

"சும்மா இருக்க முடிஞ்சா வேண்டாம்."

மாஸ்டரின் முகம் சிவந்துவிட்டது. நான் தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

"என் பெட்டி இல்லாம என் ஆல்பமா? ஆறரைப் பாட்ட அஞ்சுக்கு இறக்குவீங்களா? மரகதவல்லியம்மா பாடுன சுருதிம்மா அது! அத மாத்த நீங்க யாரு, நான் யாரு?"

"அந்தம்மா ஏன் ஆறரையில பாடுனாவ?" என்று கேட்டார் குரு.

"ஏன்னா? அது அவங்க குரல்! அவங்க குரல் அங்கதான் நிக்கும்!"

சொல்லிவிட்டு மாஸ்டர் சட்டென்று நிறுத்திக்கொண்டார்.

மெஷின் உறுமிக்கொண்டே இருந்தது.

பிறகு அவருக்கு முன்னைவிட அதிகமாகக் கோபம் வந்தது.

"இப்பிடி மடக்கி மடக்கிப் பேசித்தான் ஊரையே கெடுத்து வச்சிருக்கீங்க."

"உறுமல் நிக்கணும்னு கேட்டீங்களா, இல்லியா?"

"கேட்டேன்."

"நிறுத்துதேன். பெட்டிய மூடுங்க."

"நிக்கலைன்னா?"

"செங்கோட்டப் பிள்ளைய வரச் சொல்லுங்க."

என் பிழைப்பை வைத்துக் குரு பந்தயம் கட்டுகிறார். என்னிடம் ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன், அது வேறு விஷயம்.

மாஸ்டர் ஆர்மோனியத்தை மூடினார். கொக்கியைப் போட்டார். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

"ஒரே ஒரு தடவை" என்றார்.

*

குரு மெஷினின் சக்கரத்தைச் சுற்றவிட்டார்.

நான் மைக்குக்கு முன்னால் நின்றேன். கண்ணை மூடினேன்.

வயலின் ஆரம்பித்தது. அது எங்கே முடிந்து, உறுமல் எங்கே ஆரம்பிக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. பல்லவியை எடுத்தேன். வழக்கம்போல மரகதவல்லி அம்மாவின் முகத்தை நினைத்துக்கொண்டேன். நெற்றியில் பெரிய பொட்டு, ஒற்றை மூக்குத்தி, படத்தில் பார்த்தபடி.

அனுபல்லவி போயிற்று.

சரணம் வந்தது. அந்த இடம் வருகிறது என்று என் தோள்பட்டை இறுகியது. 'அக்கரை' என்றேன். 'விளக்கே' என்று ஏறினேன்.

ஏறியபின்னும் மூச்சு மிச்சம் இருந்தது.

அந்த இடத்தில் எனக்கு மூச்சு மிஞ்சியதே கிடையாது. அதை என்ன செய்வது என்று தெரியவில்லை. அதனால் அங்கேயே கொஞ்சம் நின்றேன். தபேலாக்காரர் பதறாமல் ஒரு சுற்றுக் கூட்டி வாசித்துக் காத்திருந்தார். நான் மெதுவாக இறங்கிவந்து அவரோடு சேர்ந்துகொண்டேன்.

இறங்கும்போது கண்ணைத் திறந்திருந்தேன். எப்போது திறந்தேன் என்று தெரியவில்லை. மூக்குத்தி முகம் மறந்தே போயிருந்தது.

பாட்டு முடிந்தது.

யாரும் அசையவில்லை. மைக் கேட்டுக்கொண்டு இருக்கிறது என்று எல்லாருக்கும் பயம்.

*

குரு சக்கரத்தைத் திருப்பி ஓட்டிப் பாட்டைப் போட்டார்.

மாஸ்டர் தலையைக் குனிந்து, ஒரு காதை மெஷின் பக்கம் வைத்துக்கொண்டு கேட்டார். பாட்டைக் கேட்கவில்லை, உறுமலைத் தேடினார். அது எனக்கு நன்றாகத் தெரிந்தது. பல்லவி முழுக்கத் தேடினார். சரணத்திலும் தேடினார். 'விளக்கே' வந்தபோது தேடுவதை விட்டுவிட்டார். தொடைக்கு அடியிலிருந்து ஒரு கை வெளியே வந்து தாளம் போட்டது.

பாட்டு முடிந்தது. குரு மெஷினை நிறுத்தவில்லை. டேப் ஓடிக்கொண்டே இருந்தது.

பாட்டு நின்றபின் அது கேட்டது. அதே உறுமல்தான். முதல் நாளிலிருந்து இருந்த அதே உறுமல். கூடவும் இல்லை, குறையவும் இல்லை. பின்பாட்டுக்காரர் ஒருவர் தம்பூராவைக் கீழே வைக்க மனமில்லாமல் மீட்டிக்கொண்டே இருப்பது போல் இருந்தது.

"நிறுத்தவா?" என்றார் குரு.

"இருக்கட்டும்" என்றார் மாஸ்டர்.

டேப் தீர்ந்து, அதன் வால் சக்கரத்தில் பட்டுப் பட்டென்று அடிக்கும்வரை கேட்டுக்கொண்டே இருந்தார்.

பிறகு என்னைப் பார்த்தார்.

"நீ அங்க நின்னியே, அந்த இடத்துல. அந்தம்மா அங்க நிக்கல தெரியுமா?"

"தெரியும் மாஸ்டர்" என்றேன்.

"எதுக்கு நின்ன?"

"மூச்சு இருந்துது."

மாஸ்டர் பெருமூச்சு விட்டார். திட்டுகிறாரா என்று எனக்குப் புரியவில்லை.

அந்த நேரம் பார்த்து வேப்பமரத்தடியில் அவர் போன் அடித்தது. மதினி அதை வாசலில் நின்றே நீட்டினார்.

"இந்தாங்க. செங்கோட்டையாம். பிள்ள முழிச்சுக்கிடப்போவுது, சீக்கிரம் எடுங்க."

மாஸ்டர் வாங்கிக் காதில் வைத்தார்.

"ஆமாங்க, நான்தான்... நாளைக்கா?... தெரியுமுங்க, உங்க பிள்ள நல்லாப் பாடும்னு எல்லாரும் சொல்லுதாவ... ஆறரையா?"

மெஷினைத் திரும்பிப் பார்த்தார். அது உறுமிக்கொண்டு இருந்தது.

"இல்லங்க. எங்க மெஷின்ல ஆறரை ஏறாது... என்ன மெஷினா? பழசுங்க. அதுக்கு அதோட இஷ்டம்தான்... நானும் சொல்லிப் பாத்துட்டேங்க, கேக்க மாட்டேங்குது."

போனை வைத்துவிட்டு எங்களைப் பார்த்து எரிந்து விழுந்தார்.

"என்ன எல்லாரும் என் மூஞ்சியப் பாக்கீங்க? உள்ளதத்தான சொன்னேன்?"

வயலின்காரர் சாக்குச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். அவர் முதுகு குலுங்கியது.

குரு புது டேப்பை மாட்டினார்.

மாஸ்டர் பழக்கத்தில் ஆர்மோனியக் கொக்கியைத் தொட்டார். தொட்ட கையை எடுத்துக்கொண்டார். எந்தப் பாட்டை எப்போது எடுக்க வேண்டும் என்று அவர்தான் சொல்வார். எத்தனையோ கொடைகளில் பாடியிருக்கிறேன், வேறு யாரையும் அவர் கேட்டு நான் பார்த்ததில்லை. இப்போது குருவைப் பார்த்தார். குரு என்னைப் பார்த்தார். மாஸ்டரும் என் பக்கம் திரும்பினார்.

"முப்பிடாதி" என்றார்.

அது என் பெயர். அவர் வாயிலிருந்து அது வந்து நான் கேட்டதில்லை. எப்போதும் 'ஏம்மா'தான்.

"அடுத்து எந்தப் பாட்டு எடுக்கலாம்? நீ சொல்லு."

வயலின்காரர் வில்லைத் தூக்கிக்கொண்டு காத்திருந்தார். தபேலாக்காரரும் காத்திருந்தார். எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது.

வாயைத் திறந்தேன்.

"ஏ முப்பிடாதி! பிள்ள முழிச்சிட்டா! பசிச்சு அழுதா, வந்து வாங்குட்டி!" என்று வாசலிலிருந்து மதினி கத்தினார்.

"செத்த பொறுங்கம்மா, ஒரு முக்கியமான..." என்று மாஸ்டர் கையைத் தூக்கினார்.

நான் அதற்குள் எழுந்து வாசல்படியில் நின்றிருந்தேன்.

"இருங்க மாஸ்டர்" என்றேன். "நான் வந்து சொல்லுதேன்."